இடதுபக்கக் கொக்கி

சேலாஸ் வளைவைத் தாண்டியதும் மின்வாரியத்து ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் முந்தி வந்து, கையை நீட்டி லாரியை ஓரங்கட்டச் சொன்னார். லிங்கசாமி இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். பின்கதவு ஒரு பக்கம் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தேயிலை மூட்டைகளைக் காணோம். முதல் மூட்டை வளைவுக்கு மேலேயே விழுந்துவிட்டதாகவும், இரண்டாவது தன் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் விழுந்ததாகவும் அந்த ஆள் சொன்னார். குந்தாவில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர். அவர் சத்தம் போடவில்லை. மப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பார்த்து ஓட்டுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் லிங்கசாமிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

லாரியின் பின்கதவு சிக்கலான பொருள் இல்லை. கீழ்ப்பக்கம் கீல் வைத்த ஒரு நீளப் பலகை, அவ்வளவுதான். அதன் இரு ஓரத்திலும் ஒவ்வொரு சங்கிலி, சங்கிலி நுனியில் ஒரு கொக்கி. பலகையைத் தூக்கி நிறுத்தி, கொக்கிகளைப் பாடியில் இருக்கும் வளையங்களில் மாட்டினால் கதவு மூடிக்கொள்ளும். ஒரு கொக்கியை மட்டும் மாட்டினாலும் கதவு நிற்கும். சமதளத்தில் பத்து மைல் கூட நிற்கும். மலையில் அப்படி இல்லை. வளைவில் வண்டி திரும்பும்போது உள்ளே இருக்கும் மூட்டையெல்லாம் ஒரு பக்கம் சாயும். சாய்கிற பக்கத்தில் கொக்கி இல்லை என்றால் பலகை முறுக்கிக்கொண்டு வாயைத் திறந்துவிடும்.

வலதுபக்கக் கொக்கி வளையத்தில் இருந்தது. இடதுபக்கக் கொக்கி சங்கிலியோடு தரையைப் பார்த்துத் தொங்கியது.

லிங்கசாமிக்குப் பிடிபடாதது இதுதான். கொக்கி மாட்டியது அவருக்கு நினைவிருந்தது. காலைக் குளிரில் இரும்பு விரலில் பட்டது, வளையத்துக்குள் கொக்கி இறங்கும்போது வந்த சத்தம், எல்லாம் நினைவிருந்தது. பின்கதவு சரியாக இருக்கிறது என்ற முழு நிம்மதியோடுதான் அவர் வண்டியைக் கிளப்பினார். செய்யாத வேலையைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வரும்?

இரண்டு மாதத்தில் இது ஐந்தாவது முறை. ஒரு தடவை தார்ப்பாய்க் கயிறு கட்டாமல், வழியில் இருக்கும் காட்டேரி ஊர் வரை பறந்துகொண்டு வந்தது. மூன்று தடவை சக்கரக் கட்டை ஃபேக்டரியிலேயே கிடந்தது.

கட்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மஞ்சூர் தாண்டி இருந்த அந்தத் தேயிலை ஃபேக்டரியில் லோடு ஏற்றும் இடம் சரிவு. லாரி ஏற்றத்தைப் பார்த்து நிற்கும். கை பிரேக் போட்டால் போதாதா என்றால், போதாது. ஒவ்வொரு மூட்டையும் விழும்போது வண்டி குலுங்கும். குலுக்கலில் பழைய கை பிரேக் பல் பல்லாக நழுவும். அதனால் இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் கற்பூர மரத்தில் செதுக்கிய ஆப்புக் கட்டை ஒன்றை வைப்பார்கள். இறக்கத்தைப் பார்த்து நிற்கும் லாரியாக இருந்தால் கட்டை சக்கரத்துக்கு முன்னால் இருக்கும், எடுக்காமல் நகர முடியாது, வண்டியே ஞாபகப்படுத்திவிடும். ஏற்றத்தைப் பார்த்து நிற்கும் லாரியில் கட்டை யாரையும் தடுப்பதில்லை. சக்கரம் அதை விட்டு முன்னால் போய்விடும். அது பேசாமல் பின்னால் கிடக்கும்.

மேனேஜர் ஆறுமுகசாமி மோசமானவர் இல்லை. அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"மூட்டை போனாப் போவுதுங்க லிங்கசாமி. அந்த ரோட்டுல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க நடக்குதுங்க. இன்னொரு தடவைன்னா சாவிய நான் வாங்கி வெச்சுக்குவேன். என்னைய அப்படிச் செய்ய வெச்சறாதீங்க."

லிங்கசாமி சரிங்க என்றார்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து மூன்றாவது வருடம் அது. சிறு விவசாயிகள் பலர் இலை பறிப்பதையே விட்டுவிட்டார்கள். ஃபேக்டரியில் ஆறு நாள் வேலை நான்கு நாளானது. லோடு ஏற்றுகிறவர்கள் எட்டுப் பேர் இரண்டு பேரானார்கள். கடைசியில் லாரிக்குக் கிளீனர் எதற்கு என்று யாரோ கேட்டார்கள். பதினான்கு வருடம் லிங்கசாமியோடு ஓடிய சுடலையை நிறுத்திவிட்டார்கள். சுடலை கிளீனர் என்றாலும் லிங்கசாமியைவிட ஆறு வயது மூத்தவர். இடது கண்ணில் பார்வை குறைவு, லைசென்ஸ் கிடைக்கவில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தவர். இப்போது மேட்டுப்பாளையத்தில் ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் கிழங்கு தரம் பிரிக்கிறார் என்று கேள்வி.

லிங்கசாமியின் மனைவி கனகமணியும் அந்த வருடம்தான் மகளோடு திருப்பூருக்குப் போனாள். பனியன் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. மஞ்சூரில் ஓர் அறையும், ஒரு ஸ்டவ்வும், ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் பூத்துக்குப் போகும் பத்து நிமிடமும் லிங்கசாமிக்கு மிஞ்சின. சாப்பிட்டீங்களா என்று கனகமணி கேட்பாள். ஆச்சு என்பார். மூட்டை விழுந்ததை அவர் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்பாள். வண்டி ஓட்டாத லிங்கசாமியை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புத்தி தடுமாறுகிறதோ என்ற பயம் வந்தது. மாலையில் அறையில் உட்கார்ந்து தன்னைத்தானே சோதித்துப் பார்த்தார். மஞ்சூரிலிருந்து குன்னூர் வரை ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டு போனார். எந்த வளைவில் கல் பெயர்ந்திருக்கிறது, எதில் ஹாரன் அடிக்க வேண்டும், எதில் இரண்டாம் கியர், ஒன்றும் தப்பவில்லை. ஓட்டிய மூன்று லாரிகளின் நம்பரும் வந்தன. ஞாபகம் இவ்வளவு நன்றாக இருப்பது அவரை இன்னும் பயமுறுத்தியது.

பிறகு ஒரு வழி பிடித்தார். சுவரில் தொங்கிய மளிகைக் கடைக் காலண்டரில், தவறிய நாட்களைச் சுழித்தார். ஐந்து வட்டங்களும் செவ்வாயிலும் வெள்ளியிலும் விழுந்தன. திங்களிலும் வியாழனிலும் ஒன்று கூட இல்லை. வண்டி அதே வண்டி, லோடும் இடமும் கூட அதேதான். செவ்வாய் வெள்ளியில் மட்டும் என்ன?

ஒரே ஒரு வித்தியாசம் இருந்தது. திங்களும் வியாழனும் லோடு ஏற்றுகிறவர் நல்லசாமி. வாய் திறக்காத ஆள். செவ்வாயும் வெள்ளியும் பொன்னுத்துரை. இலங்கையில் பதுளைப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவர். பேச்சுத்தான் அவருக்கு மூச்சு. மூட்டை ஏற்றிக்கொண்டே பதுளை ரயிலைப் பற்றிச் சொல்வார், மலை அட்டையைப் பற்றிச் சொல்வார், நடுவில் லிங்கசாமியின் வழுக்கையைக் கேலி செய்வார். லோடு ஏறி முடிந்ததும் பையிலிருந்து ரொட்டி எடுத்துப் பாதியைக் கொடுப்பார்.

பேச்சு கவனத்தைக் கலைக்கிறது என்று லிங்கசாமி முடிவு செய்தார். நியாயமான முடிவுதான். கடிகாரம் நின்றுபோனால் முதலில் சாவியைத்தானே சந்தேகப்படுவோம். அடுத்த செவ்வாய்க்கிழமை பொன்னுத்துரை வாயைத் திறந்ததும், இனிமேல் வேலை நேரத்தில் தன்னிடம் பேச வேண்டாம் என்று சொன்னார். ரொட்டியும் வேண்டாம் என்றார்.

பொன்னுத்துரை மூட்டையைக் கீழே வைத்தார். "நான் என்ன பிழை செஞ்சன் டிரைவர் ஐயா?"

பிழையெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு லிங்கசாமி கேபினுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுக்க மூட்டை விழும் சத்தமும், முடிந்ததும் பொன்னுத்துரை சாக்கை அடித்துத் தூள் தட்டும் சத்தமும் மட்டும் கேட்டன. வாரத்தில் இரண்டு நாள் அவரோடு நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளையும் அவரே நிறுத்திவிட்டார். லோடு இறக்கும் குன்னூர் கிடங்குக்குப் போய் இறங்கிப் பார்த்தபோது இடதுபக்கக் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. மூட்டை எதுவும் விழாதது அதிர்ஷ்டம். யாரும் பார்க்கவில்லை. அவர் மட்டும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்கு டெலிபோன் செய்யாமல் மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறினார்.

மண்டியில் சுடலை ஒரு கிழங்குக் குவியலுக்கு நடுவில் குந்தியிருந்தார். பெரிய கிழங்கு ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. லிங்கசாமியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ஒரு காலிச் சாக்கைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னார். கீழே வெயில் கொளுத்தியது. லிங்கசாமி ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கிழங்கு பிரித்தார்கள். பிறகு லிங்கசாமி எல்லாவற்றையும் சொன்னார். இருபத்திரண்டு வருடம் தவறாத கை இப்போது தவறுகிறது என்று முடித்தார்.

சுடலை ஒரு கிழங்கை நல்ல கண் பக்கமாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நீரு என்னிக்குவே இடதுபக்கக் கொக்கிய மாட்டினீரு?"

லிங்கசாமிக்குப் புரியவில்லை.

"டிரைவர் சீட்டு வலது பக்கம். நீரு இறங்குறது வலது பக்கம். அப்படியே பின்னால வந்து வலதுபக்கக் கொக்கிய மாட்டிட்டு, லோடு சீட்டுல கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போயிருவீரு. இடதுபக்கம், கயிறு, கட்டை எல்லாம் நான்லா பாத்தேன்."

"பதினாலு வருசமாவா?"

"முதல் வாரத்துலேயே தெரிஞ்சுபோச்சு. டிரைவர்கிட்டப் போயி நீரு மறந்துட்டீருன்னு சொல்ல முடியுமாவே? நம்ம வேலைன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் சொல்லிக்காட்டவில்லை. வேலை பகிர்ந்துகொண்ட விதத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். லிங்கசாமி கையில் இருந்த கிழங்கை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். புத்தி தடுமாறவில்லை என்பது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இருபத்திரண்டு வருடத்தில் பதினான்கு, தனதில்லை என்று ஆகிவிட்டது.

சுடலைக்குப் பழைய பேச்சு சுவைத்துவிட்டது. எல்லாம் முடித்துவிட்டு இடது பின்மூலைப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவேன், அது கேட்டதும் உம்ம கால் கிளட்சை மிதிச்சிரும் என்றார். காட்டேரியில் ஒரு தடவை அவர் கட்டையை எடுக்கக் குனிந்திருந்தபோது, ஏதோ ஓர் ஆட்டுக்கிடா அதே பலகையில் இரண்டு முட்டு முட்டியதாம். லிங்கசாமி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயேவிட்டாராம். சுடலை கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு ஃபர்லாங் ஓடிவந்து ஏறியிருக்கிறார்.

"ஆடு ரைட் குடுத்தாலும் போற டிரைவர் நீரு ஒருத்தர்தான்வே."

லிங்கசாமி சிரித்தார். நடுவில் சிரிப்பு நின்றது.

பொன்னுத்துரை ஒரு சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டுதான் மூட்டை ஏற்றுவார். ஏற்றி முடித்துக் கீழே குதித்ததும், சாக்கில் படிந்த தேயிலைத் தூள் போக அதைச் சுருட்டி லாரிப் பலகையில் அடிப்பார். இரண்டு அடி. நல்லசாமி சாக்குப் போடுவதில்லை, துண்டுதான்.

இப்போது எல்லாம் தன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. திங்களும் வியாழனும் அந்தச் சத்தம் வருவதில்லை. ஏதோ குறைகிற மாதிரி இருந்து, என்னவென்று தெரியாமலே லிங்கசாமி மறுபடி இறங்கி வண்டியைச் சுற்றி வருவார்; சுற்றும்போது தொங்கும் கொக்கி கண்ணில் பட்டுவிடும். செவ்வாயும் வெள்ளியும் சத்தம் வந்துவிடுகிறது; அதற்கு முன் தற்செயலாகக் கண்ணில் பட்டதை மட்டும் சரிசெய்திருப்பார், மற்றது அப்படியே கிடக்கும். பின்வேலை முடிந்தது என்று பதினான்கு வருடமாக அவருக்குச் சொன்ன சத்தம். அந்த நிம்மதி கையிலிருந்து வரவில்லை, காதிலிருந்து வந்தது. வலதுபக்கக் கொக்கியை மாட்டிய நினைவு ஏற்கெனவே இருந்தது. இரண்டும் சேர்ந்து முழு வேலையாகிவிட்டன.

கிளம்பும்போது சுடலை பஸ் வரை வந்தார். திரும்ப வந்தர்றீங்களாண்ணே என்று லிங்கசாமி கேட்டார். கேட்கிற அதிகாரம் தனக்கில்லை என்று தெரிந்தே கேட்டார். கூப்பிட்டால் வருவேன், யார் கூப்பிடுவா என்று சுடலை சொல்லிவிட்டு, பஸ் நகரும்போது அதன் பக்கவாட்டில் பழக்கமாக இரண்டு தட்டுத் தட்டினார். லிங்கசாமியின் இடதுகால், பஸ்ஸின் வெறும் தரையை அழுத்தியது.

காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தார். அப்படி இல்லை. செவ்வாய்க்கிழமை பொன்னுத்துரையிடம் போய், தன்னிடம் பேச வேண்டாம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு, சாக்கை மட்டும் லாரியில் அடிக்க வேண்டாம் என்று காரணத்தோடு விளக்கினார். பொன்னுத்துரை ஆட்டுக்கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இனி சுவரில் அடிக்கிறேன் என்றார். ஆனால் அன்றைக்கே குன்னூர் கிடங்கில் யாரோ ஷட்டரை இறக்கி இரண்டு தடவை தட்டினார்கள். லிங்கசாமியின் கால் தானாகக் கிளட்சுக்குப் போய்விட்டது. நீலகிரியில் உள்ள எல்லாக் கையையும் கட்டிப்போட முடியாது.

சாக்பீஸால் கேபினில் கண்ணாடிக்குக் கீழே 'கொக்கி, கயிறு, கட்டை' என்று எழுதிப் பார்த்தார். முதல் நாள் படித்தார். நான்காம் நாள் அது கண்ணாடியில் இருந்த பழைய கீறலைப் போல ஆகிவிட்டது, இருந்தது, தெரியவில்லை. லாரிச் சாவியைக் கட்டையோடு கட்டிப் பார்த்தார். அதுவும் சரிவரவில்லை. காற்று பிரேக் வண்டி. இரண்டு மணி நேரம் நின்றால் டேங்கில் காற்று இறங்கிவிடும். இன்ஜினை ஓடவிட்டு, காற்றழுத்த முள் ஏறிய பிறகுதான் கட்டையை எடுக்க வேண்டும். சாவிக்காகக் கட்டையை முதலிலேயே எடுத்தால் சரிவில் பிரேக் இல்லாத வண்டி. ஆகவே ஞாபகப்படுத்துகிற பொருள் இன்ஜின் ஓடுவதைத் தடுக்கக் கூடாது. வண்டி நகர்வதை மட்டும் தடுக்க வேண்டும். அப்படி ஒரு பொருள் அவருக்குத் தோன்றவில்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விட்ட காலை. கட்டை வைக்கும் இடத்தில் சேறு. இடதுகால் செருப்பு சேற்றில் புதைந்து, இழுத்ததும் முழுக்கச் சேறாக வந்தது. அதைக் கழுவி, தண்ணீர் வடியட்டும் என்று சக்கரத்துக்குக் கீழே இருந்த கட்டையின் மேல் வைத்தார். லோடு ஏறியது. வலதுபக்கக் கொக்கியை மாட்டினார். ஆபீசிலிருந்து சீட்டுக் கொடுக்கக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட அவசரத்தில் ஒரு கால் வெறுங்கால் என்பதே உறைக்காமல் போனார், கையெழுத்துப் போட்டார், அப்படியே வந்து கேபினில் ஏறி இன்ஜினைக் கிளப்பி, முள் ஏறக் காத்திருந்தார். மூடுபனி கண்ணாடி வரை வந்து நின்றது. பொன்னுத்துரை தூரத்தில் சுவரில் சாக்கை அடித்தார். இரண்டு அடி.

லிங்கசாமியின் கை கை பிரேக்குக்குப் போனது, கால் கிளட்சுக்குப் போனது.

அந்த லாரியின் கிளட்ச் மிதியில் ரப்பர் தேய்ந்து எப்போதோ போய்விட்டது. வெறும் இரும்பு. ஜனவரிக் காலையில் அது உள்ளங்காலில் பட்டதும், பனிக்கட்டியை மிதித்த மாதிரி முழங்கால் வரை ஏறியது. காலை வெடுக்கென்று எடுத்துக் குனிந்து பார்த்தார். வலதுகாலில் செருப்பு இருந்தது. இடதுகாலில் இல்லை.

கை பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டு இறங்கினார். ஒரு கால் செருப்போடும் ஒரு கால் ஈரக் கப்பிக்கல்லிலுமாக நொண்டிக்கொண்டு பின்னால் போனார். செருப்பு கட்டையின் மேல் இருந்தது. நிமிர்ந்தபோது, முகத்துக்கு நேராக இடதுபக்கக் கொக்கி தொங்கியது.

அதை மாட்டினார். கயிற்றைக் கட்டினார். கட்டையை எடுத்துச் சேற்றைத் தட்டினார். பொன்னுத்துரை பக்கத்தில் வந்து நின்று, டிரைவர் ஐயாவுக்கு இப்ப ஒரு செருப்புத்தானா என்று கேட்டார். லிங்கசாமி கையை நீட்டினார். பொன்னுத்துரை கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாதி ரொட்டியை அந்தக் கையில் வைத்தார்.

அன்றிலிருந்து லிங்கசாமி இப்படிச் செய்கிறார். லோடு ஏற்ற வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைத்ததும், இடதுகால் செருப்பைக் கழற்றிக் கட்டையின் மேல் வைத்துவிடுகிறார். அங்கே போட்டுக்கொள்ள ஒரு பழைய ரப்பர் செருப்பு கூட வைத்துக்கொள்வதில்லை. கால் குளிர வேண்டும். லோடு ஏறியதும் இன்ஜினைக் கிளப்பி, காற்று ஏறும் வரை வெறும் காலோடு இருக்கிறார். பிறகு கை பிரேக்கை முழுக்க இழுத்து, இறங்கி, வலதுபக்கக் கொக்கி, இடதுபக்கக் கொக்கி, தார்ப்பாய்க் கயிறு என்று வரிசையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியாகக் கட்டையை எடுத்து, லாரியில் அதற்கென்று இருக்கும் இரும்புக் கூட்டில் வைக்கிறார். அதற்குப் பிறகுதான் செருப்பைப் போடுகிறார். எந்தப் பக்கமிருந்து யார் தட்டினாலும், இடதுகாலில் செருப்பு இல்லாமல் கிளட்சை மிதிப்பதில்லை.